நூலகர் சங்கத்தின் பெயரை மாற்றலாமா? நீலகிரி நண்பர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

நீலகிரி மாவட்டத்து நூலகர்களான நமக்கு ஒரு சிறிய சங்கம் இருக்கிறது. கல்லூரி லைப்ரரியன்கள், பள்ளி நூலகத்தைக் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கும் ஆசிரியர்கள், கிளை நூலகத்தார், ஊர்ப்புற நூலகர்கள், ஆராய்ச்சி நிலையங்களில் இருப்பவர்கள் என்று எல்லாரும் கலந்த சங்கம். அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வருகிறது: சங்கத்தின் பெயரில் உள்ள 'நூலகர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'தகவல் மற்றும் அறிவு மேலாண்மை வல்லுநர்' என்று வைக்க வேண்டும். சுற்றறிக்கை வந்ததிலிருந்து குன்னூர், கோத்தகிரி, கூடலூர் நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் கேட்டதையெல்லாம் ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். நான் இந்தத் தீர்மானத்தை எதிர்ப்பவன். அதை மறைக்கவில்லை. ஆனால் எதிர்த்தரப்பின் வாதத்தை முழுசாகவே சொல்லியிருக்கிறேன்.

இந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது?

கல்லூரிகளில் இருக்கும் இளைய நண்பர்களிடமிருந்து. அவர்களுடைய ஒரு நாளைப் பார்த்தால் காரணம் புரியும்.

காலையில் வந்ததும், நூலக மென்பொருளான கோஹாவின் சர்வர் படுத்திருக்கும். அதை எழுப்பி உட்கார்வதற்குள் முதுகலை மாணவி ஒருத்தி மின்னிதழ்களைப் படிக்க உதவும் என்-லிஸ்ட் சேவையின் பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை என்று வந்து நிற்பாள். அடுத்து, ஆய்வேட்டை நகல் சோதனைக்குப் போட்டு சதவீத அறிக்கை எடுத்துத் தர வேண்டும். ஆசிரியர் ஒருவர் கேட்ட கட்டுரை நம்மிடம் இருக்காது, டெல்நெட் என்ற நூலக வலைப்பின்னல் வழியாக வேறு ஊர் நூலகத்திலிருந்து வரவழைக்க வேண்டும். மதியத்துக்கு மேல், கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் அமைப்புக்கான கோப்பு. நான்காவது அளவுகோலில் நூலகத்துக்கென்று இருக்கும் பகுதிக்கு வருடவாரியாகச் செலவுக் கணக்கு, பயன்பாட்டுக் கணக்கு, ரசீதுகளின் ஸ்கேன். இத்தனையும் முடித்து நிமிரும் நேரத்தில் நிர்வாகத்திலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "லைப்ரரில இப்ப யாரும் இல்லையே சார், அட்மிஷன் டெஸ்க்ல கொஞ்சம் உக்காருங்களேன்" என்பார்.

இது ஒருவருக்கு மட்டும் நடந்ததில்லை. நான் பேசிய கல்லூரி நண்பர்களில் அநேகமாக எல்லாரும் இதைச் சொன்னார்கள். 'நூலகர்' என்றதும் புத்தகம் எடுத்துக் கொடுப்பவர் என்ற படம்தான் நிர்வாகத்தின் மனதில் வருகிறது, அந்தச் சொல் இருக்கும்வரை மரியாதையும் வராது சம்பளமும் வராது என்பது அவர்கள் வாதம்.

அதில் நியாயம் இல்லையா?

குறை உண்மை. அதற்குச் சொல்லும் மருந்தோடுதான் எனக்கு உடன்பாடு இல்லை.

வேறு நாட்டில் யாராவது இப்படிச் செய்து பார்த்திருக்கிறார்களா?

செய்து பார்த்திருக்கிறார்கள். அதிகம் பேசப்பட்டது அமெரிக்காவின் ஸ்பெஷல் லைப்ரரீஸ் அசோசியேஷன், சுருக்கமாக எஸ்எல்ஏ. கம்பெனிகள், ஆராய்ச்சிக்கூடங்கள், பத்திரிகை அலுவலகங்கள், அரசுத் துறைகள் ஆகியவற்றின் நூலகங்களில் வேலை பார்ப்பவர்களின் சங்கம் அது. நியூவார்க் நகர நூலகர் ஜான் காட்டன் டேனா முன்னின்று 1909-ல் தொடங்கினார். அமெரிக்க நூலகச் சங்கத்தின் மாநாட்டுக்காக நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒரு மலையடிவார ஓட்டலில் கூடியிருந்தபோது, பொது நூலகத்தாரின் கவலை வேறு, நம் கவலை வேறு என்று உணர்ந்தவர்கள் சேர்ந்து அமைத்தது.

2003-லேயே பெயரை மாற்ற ஒரு முயற்சி நடந்து கைகூடாமல் போனது. பிறகு, நூற்றாண்டு நிறைந்த 2009-ல், நிர்வாகம் மறுபடி களத்தில் இறங்கியது. வேலை கொடுப்பவர்களிடம் கருத்துக் கேட்டு ஆய்வு நடத்தி, அந்த ஆய்வைக் காட்டி ஒரு புதிய பெயரை முன்வைத்தார்கள்: அசோசியேஷன் ஃபார் ஸ்ட்ராடஜிக் நாலெட்ஜ் புரொஃபஷனல்ஸ். சுருக்கப் பெயர் ஆஸ்க்புரோ. அப்போது அவர்கள் சொன்ன காரணங்களும் நம் சுற்றறிக்கையில் இருக்கும் காரணங்களும் ஏறக்குறைய ஒன்றேதான்: லைப்ரரி என்றால் முதலாளிக்குக் கட்டிடமும் அலமாரியும்தான் தெரிகிறது, நம் வேலையின் மதிப்பு தெரிவதில்லை.

டிசம்பர் 2009-ல் முடிவு வந்தது. ஆதரவு 2,071 வாக்கு, எதிர்ப்பு 3,225. பெயர் மாறவில்லை.

ஆனால் அந்தச் சங்கமே இப்போது இல்லையே?

ஆம். எஸ்எல்ஏ கலைக்கப்படும் என்று 2025-ல் அறிவித்தார்கள். இந்தக் கேள்வியை ஒரு குன்னூர் நண்பர் கொஞ்சம் சூடாகவே கேட்டார். "அன்னைக்கே மாத்தியிருந்தா பிழைச்சிருக்கும், உங்களை மாதிரி ஆளுங்க தடுத்ததாலதான் போச்சு" என்றார்.

நான் அதை ஏற்கவில்லை. அந்தச் சங்கத்தின் உயிர்நாடி கம்பெனி நூலகங்கள். அங்கே பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் நூலகங்களை மூடின, அல்லது ஆள் குறைத்தன. சந்தாவையும் மாநாட்டுச் செலவையும் நிறுவனமே கொடுத்த காலம் போயிற்று. வேண்டிய தகவல் இணையத்தில் நேரடியாகக் கிடைக்கிறது என்று மேலதிகாரிகள் நம்பத் தொடங்கினார்கள். வேலையிடமே இல்லாமல் போகும்போது சங்கத்தின் பலகையில் எந்தச் சொல் இருந்தால் என்ன?

பெயரைக் காப்பாற்றியதாலும் அந்தச் சங்கம் பிழைக்கவில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வாக்கெடுப்பில் வென்றவர்கள் வென்றதோடு நின்றுவிட்டார்கள் என்றால், அதுவும் ஒரு பாடம்தான். அதனால்தான் பெயரை எதிர்ப்பதோடு நிற்காமல் கீழே ஒரு மாற்று யோசனையும் எழுதியிருக்கிறேன்.

பிரிட்டனில் மாற்றினார்களே?

மாற்றினார்கள். 1877-ல் தொடங்கிய லைப்ரரி அசோசியேஷனும் 1958-ல் தொடங்கிய தகவல் அறிவியலாளர் கழகமும் 2002-ல் ஒன்றாகி 'சிலிப்' ஆனது. அதன் முழுப்பெயரில் நூலகமும் இருந்தது, தகவலும் இருந்தது. இரண்டு அமைப்புகள் இணையும்போது பெயர் மாறுவது இயல்பு, அதில் சண்டைக்கு இடமில்லை.

சண்டை 2013-ல் வந்தது. இன்னொரு முறை பெயரை மாற்ற நிர்வாகம் திட்டமிட்டு, சில பெயர்களை உறுப்பினர்களிடம் கொடுத்தது. நூலகம் என்ற சொல்லே இல்லாத பெயர்களைக் கண்டதும் உறுப்பினர்கள் கொதித்துப் போனார்கள். பொதுக்கூட்டத்தில் தீர்மானம் போட்டு அந்த முயற்சியையே நிறுத்தினார்கள். சில வருடம் கழித்து 'சிலிப்' என்பதற்குக் கீழே அவர்களே சேர்த்துக்கொண்ட துணைவரி: 'நூலக மற்றும் தகவல் சங்கம்'. வெறும் சுருக்கப் பெயரை வைத்துக்கொண்டு வெளியாட்களிடம் நாங்கள் யார் என்று விளக்குவது எவ்வளவு கஷ்டம் என்பது அதற்குள் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

மாற்றிவிட்டு நன்றாக இருப்பவர்களே இல்லையா?

இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1937-ல் டாக்குமென்டேஷன் இன்ஸ்டிட்யூட் என்று தொடங்கிய அமைப்பு, 1968-ல் தகவல் அறிவியல் கழகமானது. 2000-ல் பெயரில் தொழில்நுட்பத்தைச் சேர்த்துக்கொண்டது. 2013-ல் பெயரிலிருந்த 'அமெரிக்க' என்பதையும் கழற்றிவிட்டது. இன்றும் இயங்குகிறது. ஆஸ்திரேலிய நூலகச் சங்கம் 1989-ல் 'நூலக மற்றும் தகவல் சங்கம்' ஆனது, அதுவும் இயங்குகிறது.

இந்த இரண்டையும் கவனமாகப் பார்க்க வேண்டும். முதல் அமைப்பில் கணினி ஆட்களும் ஆய்வாளர்களும் நிறைய இருந்தார்கள். வேலை முன்னே போனது, பெயர் பின்னால் வந்தது. ஆஸ்திரேலியர்கள் ஒரு சொல்லைச் சேர்த்தார்கள், எதையும் எடுக்கவில்லை. நம் தீர்மானம் இந்த இரண்டு வகையிலும் வராது. நம்மிடம் அறிவு மேலாண்மை வல்லுநர் என்ற பதவியில் ஒருவர்கூட இல்லை, இருக்கும் சொல்லைத்தான் எடுக்கப் பார்க்கிறோம்.

நம் நாட்டு அனுபவம் என்ன?

இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சுற்றறிக்கையில் அமெரிக்காவும் பிரிட்டனும் இருக்கின்றன, நம் ஊர் வரலாற்றைக் காணோம்.

சீர்காழியில் பிறந்து, கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். 1928-ல் மெட்ராஸ் லைப்ரரி அசோசியேஷன் தொடங்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. நூலகப் பயிற்சி வகுப்பை முதலில் நடத்தியதும் அந்தச் சங்கம்தான், பிறகுதான் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது. 1931-ல் அவருடைய நூலக அறிவியலின் ஐந்து விதிகள் வந்தன, 1933-ல் நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்தும் அவருடைய கோலன் பகுப்புமுறை வந்தது.

1950-களில், ஆய்வாளர்களுக்குக் கட்டுரைகளைத் திரட்டித் தரும் அறிவியல் ஆவணப்பணி (டாக்குமென்டேஷன்) என்ற புதிய துறை வளர்ந்தபோது ரங்கநாதன் என்ன செய்தார்? லைப்ரரி அசோசியேஷன்களின் பெயரை மாற்றச் சொல்லவில்லை. 1962-ல் பெங்களூரில், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ், ஆவண ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தைத் தொடங்கினார். புது வேலைக்குப் புது வீடு கட்டினார். சிறப்பு நூலகத்தாருக்கு அதற்கு முன்பே, 1955-ல், கொல்கத்தாவில் இயாஸ்லிக் என்ற தனிச் சங்கம் வந்திருந்தது. 1933-ல் தொடங்கிய இந்திய நூலகச் சங்கம் இன்றும் அதே பெயரில்தான் இருக்கிறது.

பெயர் மாற்றிக்கொண்டே போன ஓர் உதாரணமும் உண்டு. 1952-ல் டில்லியில் இன்ஸ்டாக் என்ற அறிவியல் ஆவண மையம் வந்தது. அந்தக் காலத்தில் 'டாக்குமென்டேஷன்' என்பதுதான் நவீனச் சொல். 2002-ல் அது இன்னொரு நிறுவனத்தோடு இணைந்து நிஸ்கேர் ஆனது. பெயரில் டாக்குமென்டேஷன் போய், 'தகவல் ஆதாரங்கள்' வந்தது. 2021-ல் மறுபடி ஓர் இணைப்பு, தேசிய அறிவியல் தொடர்பு மற்றும் கொள்கை ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர். இந்த முறை தகவல் ஆதாரங்களும் போயின. அறிவு மேலாண்மை என்பது இன்று கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இருபது வருடம் கழித்து நம் இடத்தில் இருப்பவர்கள் மறுபடி ஒரு பொதுக்குழு கூட்டி அதையும் மாற்ற வேண்டியிருக்கும்.

மெட்ராஸ் லைப்ரரி அசோசியேஷனின் பெயரையும் கவனியுங்கள். 1969-ல் மாநிலம் தமிழ்நாடு ஆயிற்று, 1996-ல் நகரம் சென்னை ஆயிற்று. சங்கம் மட்டும் மெட்ராஸ் என்ற பெயரிலேயே இருக்கிறது. யாருக்கும் குழப்பமில்லை. நம் பக்கத்திலும், பஸ் போர்டில் உதகை என்றும் அரசாணையில் உதகமண்டலம் என்றும் எழுதினாலும், ஏறுகிறவர் ஊட்டிக்கு ஒரு டிக்கெட் என்றுதான் கேட்கிறார்.

'நூலகர்' என்ற சொல்லை விட்டால் நடைமுறையில் என்ன நஷ்டம்?

எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி. பெருமை, உணர்ச்சி எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டே பதில் சொல்லலாம்.

1948-ல் அன்றைய கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் காலத்தில் மதராஸ் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். இன்று தமிழ்நாடு பொது நூலகச் சட்டம் என்கிறோம். அந்தச் சட்டத்தின்படிதான் நூலக ஆணைக்குழு இருக்கிறது. நம் வீட்டுச் சொத்துவரி ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி தனியாக இருப்பதும் அந்தச் சட்டத்தால்தான். உள்ளாட்சிகள் வசூலித்த நூலக வரியை ஆணைக்குழுவிடம் ஒப்படைக்காமல் நிலுவை வைப்பது மாநிலம் முழுக்க உள்ள புகார். அந்த நிலுவை வந்தால்தான் புத்தகம், மேசை, மின்கட்டணம், ஒழுகும் கூரைக்கு ஓடு எல்லாம். அதைக் கேட்டு கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்க ஒரு நூலகர் சங்கம் போனால் கேட்க உரிமை உள்ளவர்கள் என்று உட்கார வைப்பார்கள். அறிவு மேலாண்மை வல்லுநர்கள் போனால், நீங்கள் எந்தக் கம்பெனி என்று கேட்பார்கள்.

கல்லூரிப் பக்கமும் அப்படித்தான். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறைகளில் ஆசிரியர்களுக்கு அடுத்து ஊதிய விகிதத்தோடு சொல்லப்பட்டிருக்கும் பதவிகளைப் பாருங்கள். பல்கலைக்கழக நூலகர், துணை நூலகர், உதவி நூலகர், கல்லூரி நூலகர். ஆசிரியருக்கு இணையான ஊதியம் கேட்க நம் கையில் இருக்கும் ஒரே காகிதம் அது. தகவல் வல்லுநர் என்ற பெயரில் ஓர் அரசாணையும் இல்லை, ஓர் ஊதிய விகிதமும் இல்லை. பொது நூலகத் துறையிலும் ஊர்ப்புற நூலகர், மூன்றாம் நிலை நூலகர், இரண்டாம் நிலை, முதல் நிலை என்றுதான் பதவி உயர்வுப் படிகளே அமைந்திருக்கின்றன.

நிர்வாகங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. 'நூலகர்' என்று நியமித்தால் தகுதி, ஊதியம், நியமன முறை என்று விதி கேட்கும். 'நாலெட்ஜ் எக்ஸிகியூட்டிவ்' என்று நியமித்தால் ஒரு விதியும் கேட்காது. பெயரில்தான் கௌரவம் இருக்கிறது என்று நம்பும் இளைய நண்பர்கள் இதை நிதானமாக யோசிக்க வேண்டும்.

ஊர்ப்புற நூலகர்களுக்கு இதில் என்ன அக்கறை?

எல்லாரையும்விட அவர்களுக்குத்தான் அதிகம். ஆனால் சுற்றறிக்கை தயாரித்த கூட்டத்தில் அவர்களில் ஒருவர்கூட இல்லை.

கோத்தகிரிப் பக்கம் ஓர் ஊர்ப்புற நூலகத்தில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரே அறை, இரண்டு மேசை, ஜன்னலோரம் நாளிதழ் ஸ்டாண்டு. தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் தலையில் குல்லாவோடு வந்தார். பசுந்தேயிலைக்குத் தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் சராசரி விலை அவருக்கு வேண்டும். இந்த மாதத்தினது மட்டும் போதாது, போன சில மாதங்களினதும் வேண்டும். தொழிற்சாலை கொடுத்த பில்லோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். நூலகர் அம்மா முதலில் பழைய பேப்பர் கட்டைப் பிரித்து இரண்டு மாதத்து விலைச் செய்தியைத் தேடி எடுத்தார். மீதியைத் தன் சொந்தப் போனில் வாரியத்தின் அறிவிப்பைத் திறந்து, ஒரு வெள்ளைத்தாளில் மாதம், விலை என்று இரண்டு பத்தியாக எழுதிக் கொடுத்தார். பெரியவர் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "பில்லுல கம்மியாத்தான் போட்டிருக்காங்க, தாயி" என்று சொல்லி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

தகவல் சேவை என்று கருத்தரங்குகளில் நாம் கட்டுரை வாசிப்பது இதைத்தான். அந்த அம்மாவுக்கு வல்லுநர் பட்டம் வேண்டாம். முறையான காலமுறை ஊதியம் வேண்டும். அதைக் கேட்டுத்தான் ஊர்ப்புற நூலகர்கள் நெடுங்காலமாகக் குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சங்கத்தின் பெயரில் 'வல்லுநர்' என்று வந்தால், பொதுக்குழுவுக்கு வந்து உட்காரவே அவர் கூச்சப்படுவார். நான் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

நூலகர் அல்லாத, ஆனால் நம் வேலையைச் செய்பவர்களை எப்படிச் சேர்ப்பது?

தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கேட்கும் கேள்விகளில் மிக நல்லது இது. நான் முழுமனதோடு ஒத்துக்கொள்ளும் கேள்வியும் இதுதான்.

இந்த மலையில் நம் வேலையைச் செய்பவர்கள் எத்தனை விதமாக இருக்கிறார்கள்! எம். பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையம் இருக்கிறது. குன்னூரில் 1907 முதல் பாஸ்டர் நிறுவனம், முத்தோரையில் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம், வெலிங்டனில் முப்படை அதிகாரிகள் கல்லூரி. ஊட்டியில் 1859-ல் தொடங்கி இன்னும் சந்தாதாரர்களால் நடக்கும் நீலகிரி லைப்ரரி. இவை தவிர, தோடர், கோத்தர், குறும்பர், இருளர் பாட்டுகளையும் பேச்சையும் பதிவு செய்து கோப்பாக வைப்பவர்கள், எஸ்டேட் ஆபீஸ்களில் பழைய வரைபடங்களைக் காப்பவர்கள். பழனி மலைப் பக்கம் போனால், கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படமெடுத்த கண்ணாடித் தகடுகள் இருக்கின்றன. அவற்றை ஒழுங்காக வைத்து, டிஜிட்டலாக்கி, உலகம் முழுக்க உள்ள ஆய்வாளர்களுக்குக் கிடைக்கச் செய்திருக்கிறார்கள். இந்த மாதிரி இடங்களில் ஆவணம் பார்ப்பவர்களில் பலருக்கு நூலக அறிவியல் பட்டம் இருக்காது.

இவர்களை வெளியே நிறுத்துவது நம் சங்கத்தின் பெயர் அன்று. நம் விதிமுறையில் உறுப்பினர் தகுதி என்ற பிரிவு. 'நூலக அறிவியலில் பட்டம் அல்லது பட்டயம் பெற்று, நூலகர் பதவியில் இருப்பவர்' என்று எழுதி வைத்திருக்கிறோம். பெயரை எப்படி மாற்றினாலும் இந்த வரி இருக்கும்வரை அவர்களில் ஒருவர்கூட உள்ளே வர முடியாது. சுற்றறிக்கையில் இந்தப் பிரிவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆகவே என் மாற்று யோசனை இது. 'நூல்கள், ஆவணங்கள், பதிவுகள் ஆகியவற்றைத் திரட்டி, ஒழுங்குபடுத்தி, பிறர் பயன்படுத்தத் தரும் பணியில் இருப்பவர் எவரும்' என்று அந்த வரியைத் திருத்துவோம். பகுதிநேரம், ஒப்பந்தம், தன்னார்வம் எல்லாரும் இதில் வருவார்கள். பள்ளியில் நூலகம் பார்க்கும் தமிழாசிரியரும் தகராறு இல்லாமல் வருவார்.

கொடைக்கானல் நண்பர்கள் சேர முடியுமா?

மாவட்டம் வேறு, ஆகவே விதிப்படி இப்போது முடியாது. இணை உறுப்பினர் என்று ஒரு வகை வைத்தால் முடியும். குளிர்ப்பிரதேச நூலகத்தின் பாடு சமவெளியில் இருப்பவர்களைவிட அவர்களுக்குத்தான் நன்றாகப் புரியும்.

இரண்டையும் சேர்த்து 'நூலகர் மற்றும் தகவல் பணியாளர் சங்கம்' என்று வைத்தால்?

எனக்கு ஆட்சேபணை இல்லை. நாம் வாங்கிய பட்டமே நூலகம் மற்றும் தகவல் அறிவியல் என்றுதான் இருக்கிறது. 'நூலகர்' முன்னால் நிற்க வேண்டும், 'வல்லுநர்' வேண்டாம், 'பணியாளர்' போதும். தீர்மானத்தில் இப்படித் திருத்தம் கொண்டுவந்தால் நான் ஆதரித்து வாக்களிப்பேன். ஆனால் உறுப்பினர் தகுதித் திருத்தமும் அதே நாளில் நிறைவேற வேண்டும். ஒன்று இப்போது, மற்றது அப்புறம் என்றால் அந்த அப்புறம் வராது.

பழைய பெயர் இருந்தால் இளைஞர்கள் வரமாட்டார்கள் என்கிறார்களே?

இளைஞர்கள் எதற்கு வந்தார்கள் என்று பார்ப்போம். நெட், செட் தகுதித் தேர்வுகளுக்குச் சேர்ந்து படிக்க ஏற்பாடு செய்தபோது வந்தார்கள். கோஹாவை நிறுவக் கற்றுக்கொடுத்தபோது, லேப்டாப் இல்லாதவர்கள்கூட நோட்டோடு வந்தார்கள். ஆண்டறிக்கையும் பொன்னாடையும் மட்டும் இருந்த கூட்டத்துக்கு வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாம் செய்ய வேண்டியதும் செய்யாமல் விட்டதுமான ஒன்றைச் சொல்கிறேன். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் மேற்குச் சரிவுகளிலும் ஊட்டியிலும் மாதக்கணக்கில் ஈரம் வடியாது. மூடிய அலமாரியைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் அந்தப் புழுங்கல் வாடை நம் எல்லாருக்கும் தெரியும். காலிகோ பைண்டிங் போட்ட முதுகில் முதலில் வெள்ளையாகப் புள்ளி வைக்கும். கையால் தேய்த்தால் பக்கத்துப் புத்தகத்துக்கும் பரவும். ஆர்ட் பேப்பரில் அச்சடித்த படப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிக்கவே முடியாது. நாப்தலின் உருண்டை பூச்சிக்குத்தான் உதவும், பூஞ்சைக்கு உதவாது. புத்தகத்தைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி வைப்பது, அலமாரியை நெருக்காமல் காற்றோட்டம் விடுவது, பூஞ்சை கண்டதைத் தனியே எடுத்து உலர்த்திய பிறகே மென்மையான தூரிகையால் வெளியில் வைத்துத் துடைப்பது, அப்போது மூக்கை மூடிக்கொள்வது. இவ்வளவையும் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சியில் சொல்லித் தந்துவிடலாம். மாவட்டத்தில் எந்த நூலகத்துக்கும் அது உதவும். பெயர்ப் பேச்சுக்கு எடுத்த நேரத்தில் அந்தப் பயிற்சியை நடத்தி முடித்திருக்கலாம்.

சட்டப்படி பெயரை எப்படி மாற்றுவது? செலவு ஆகுமா?

நாம் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவர்கள். பெயரை மாற்ற முறையான அறிவிப்போடு பொதுக்குழு கூட்டி, சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றி, மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். கை தூக்கி ஒன்றிரண்டு ஓட்டு அதிகம் என்றால் போதாது. அதன் பிறகு பான் அட்டை, வங்கிக் கணக்கு, ரப்பர் ஸ்டாம்ப், லெட்டர்பேடு, ரசீதுப் புத்தகம் எல்லாம் மாற வேண்டும். பெரிய செலவு இல்லை என்றாலும், நம் சந்தா வசூலுக்கு அது சிறிய செலவும் இல்லை. உறுப்பினர் தகுதியைத் திருத்துவதற்கும் இதே பொதுக்குழு நடைமுறைதான், ஆனால் ஸ்டாம்பும் பான் அட்டையும் மாற வேண்டியதில்லை.

தீர்மானத்தை எதிர்த்தால் இளைய நண்பர்களோடு மனஸ்தாபம் வராதா?

வரலாம். அதற்காகத்தான் அவர்களிடம் நேரில் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறேன். அட்மிஷன் டெஸ்க்கில் உட்காரச் சொல்லும் நிர்வாகத்துக்கு, சங்கத்தின் சார்பில், யுஜிசி விதியைக் காட்டி ஒரு கடிதம் போவதாக இருந்தால் அவர்களில் பாதிப் பேருக்கு இந்தத் தீர்மானமே தேவைப்படாது. தனி ஒருவர் எழுதினால் வேலைக்கு ஆபத்து, சங்கம் எழுதினால் ஆபத்தில்லை. அந்தக் கடிதத்தின் வரைவு தயாராக இருக்கிறது. செயற்குழு சம்மதித்தால் இந்த மாதமே அனுப்பலாம்.

பந்தலூரிலிருந்து ஊட்டிக்கு வந்து வாக்களித்துத் திரும்புவது நடக்கிற காரியமா?

நடக்காது, அல்லது மிகவும் கஷ்டம். கூட்டம் பிற்பகலில் தொடங்கி, விவாதம் நீண்டு, வாக்கெடுப்பு மாலையில் நடந்தால் கூடலூர், பந்தலூர், சேரம்பாடி உறுப்பினர்கள் பாதியிலேயே எழுந்து பஸ்ஸுக்கு ஓட வேண்டியிருக்கும். மழைக்காலத்தில் நடுவட்டம் பாதையில் மண் சரிந்தால் அதுவும் இல்லை. அந்தப் பக்கத்து உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஊர்ப்புற நூலகர்கள். அவர்கள் இல்லாமல் எடுக்கும் முடிவை, அது நான் விரும்பும் முடிவாகவே இருந்தாலும், என்னால் ஏற்க முடியாது. ஆகவே பொதுக்குழுவைக் காலை பத்து மணிக்குத் தொடங்கி, வாக்கெடுப்பை மதிய உணவுக்கு முன் முடிக்க வேண்டும், இல்லையென்றால் கூட்டத்தையே கூடலூரில் நடத்த வேண்டும் என்று செயலாளருக்கு எழுத்துமூலம் கேட்டிருக்கிறேன். நீங்களும் ஒரு தபால் அட்டையில் அதையே கேட்டு எழுதுங்கள், இந்த வாரத்துக்குள் போய்ச் சேரும்படி.